பழைய கணினியில் டிராபிக் கணக்கு பிழைக்கும் இடங்கள்

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் வலையமைப்பு வேலை பழகுகிற பிள்ளைகள் பழைய பென்டியம் 4 பெட்டியில் லினக்ஸ் போட்டு, டியூஷன் வகுப்புக்கோ நெட் கடைக்கோ ரவுட்டராக வைக்கிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் பாவனைக் கணக்கு எடுக்கும்போது எல்லாரும் ஒரே பள்ளத்தில் விழுகிறார்கள். பிட்டையும் பைட்டையும் குழப்புவது அன்றைக்கே பிடிபட்டுவிடும்; அதை விடுவோம்.

32 பிட் கவுன்டரை 5 நிமிடத்துக்கு ஒருமுறை வாசிப்பது

நெட்வேர்க் கார்ட் வழியே போய்வரும் பைட்டை எண்ணும் இந்தக் கவுன்டர் 4,294,967,295 வரை போகும். அடுத்த பைட்டில் பூச்சியத்துக்குத் திரும்பும். முழு வேகத்தில் ஓடினால் 10 எம்பிபிஎஸ்ஸில் (செக்கனுக்கு 10 மெகாபிட்) ஒரு சுற்றுக்கு 57 நிமிடம், 100 எம்பிபிஎஸ்ஸில் 5 நிமிடம் 43 செக்கன், 1 ஜிபிபிஎஸ்ஸில் வெறும் 34 செக்கன்.

ஒரு சுற்றை வரைபட மென்பொருள் தானே கூட்டிக்கொள்ளும். அதற்கு மேல் சுற்றினால் அதற்குத் தெரிய வழியில்லை. 300 எம்பிபிஎஸ்ஸில் 5 நிமிடம் ஓடினால் 1,125 கோடி பைட் போகும். இரண்டு முழுச் சுற்று காணாமற்போய் 266 கோடிதான் கணக்கில் வரும். வரைபடம் 71 எம்பிபிஎஸ் என்று காட்டும். பிழைச் செய்தி வராது, கோடும் அறுபடாது. எரிச்சலே அதில்தான்: 71 நம்பக்கூடிய எண். ‘லைன் சும்மாதான் கிடக்குது, சுவிட்ச்தான் பழுது’ என்று முடிவுகட்டிப் புதிது வாங்குகிறார்கள்; காசு போகிறது, வேகம் அப்படியே.

கவுன்டரை எஸ்என்எம்பி (வலையமைப்புக் கருவிகளின் கணக்கைத் தூரத்திலிருந்து வாசிக்கும் முறை) வழியாக வாசிக்கும்போது, 1.3.6.1.2.1.2.2.1 என்ற முகவரியின் கீழுள்ள 10, 16 இரண்டும் 32 பிட். அவற்றை விட்டு 1.3.6.1.2.1.31.1.1.1 இன் கீழ் 6 (உள்வருவது), 10 (வெளியேறுவது) ஆகியவற்றை வாசியுங்கள். எஸ்என்எம்பியின் வி1 பதிப்பில் 64 பிட் கவுன்டர் வகையே கிடையாது; வி2சி வேண்டும். எம்ஆர்டிஜி என்ற வரைபட மென்பொருளில் அதற்காக இலக்கு முகவரியின் கடைசியில் :::::2 போட மறக்க வேண்டாம்.

பெட்டியைச் சோதிக்காமல் நம்புவது

32 பிட் லினக்ஸில் 64 பிட் கணக்கு 2010 இல், கேர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) 2.6.36 உடன்தான் வந்தது. நெட்வேர்க் கார்ட்டின் டிரைவரும் அதற்கு ஏற்றதாக இருக்கவேண்டும். 5 ஜிபி கோப்பொன்றை இறக்கியபடி 10 செக்கனுக்கொருமுறை கவுன்டரைப் பாருங்கள். 429 கோடியைத் தாண்டாமல் கீழே விழுந்தால் அது 32 பிட். மாதமுடிவில் அந்த எண்ணைப் பார்த்து டேட்டா கணக்குப் போடுவது வீண்.

1 நிமிட இடைவெளி போதுமா?

32 பிட் கவுன்டர்தான் இருக்கிறதென்றால், 100 எம்பிபிஎஸ்ஸுக்குப் போதும். ஜிபிபிஎஸ்ஸுக்குப் போதாது, 15 செக்கன் வையுங்கள்.

கரண்ட் போய் வந்தபின் வரும் கூர்முனை

பெட்டி திரும்ப எழும்பும்போது கவுன்டர் பூச்சியத்தில் தொடங்கும். அளவுகளைச் சேமித்து வரைபடம் போடும் ஆர்ஆர்டிடூல் அதையும் ஒரு சுற்றென்று எடுத்து, நடக்காத வேகத்தைக் காட்டும். 100 எம்பிபிஎஸ் லைனுக்கு உச்ச வரம்பை 12500000 (செக்கனுக்கு இத்தனை பைட்) என்று கொடுத்தால் அதைத் தாண்டும் கூர்முனை பதிவாகாது.