நகைக்கடைக் கலண்டரை வைத்துப் படம் பார்க்கப் பழகுவது எப்படி?

மட்டக்களப்பில் இருந்துகொண்டு ஓவியம் ரசிக்க முடியுமா, கொழும்புக்கல்லவா போகவேண்டும் என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பஸ் ஏற வேண்டாம். வருஷப் பிறப்புக்கு நகைக்கடையில் தந்த சாமிக் கலண்டர் ஒன்று போதும். கூடவே கதைக்க ஒரு ஆள் வேண்டும். நானும் மச்சானும் இப்படித்தான் பழகினோம்.

படி 1. கலண்டரைக் கழற்றி விறாந்தையில், வெளிச்சம் பக்கவாட்டில் விழும் இடத்தில், கண்மட்டத்துக்கு மாட்டுங்கள். கண்ணாடி போட்ட படமென்றால் ஜன்னலுக்கு நேரெதிரே வேண்டாம். உங்கள் முகம்தான் தெரியும்.

படி 2. கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். நகையும் பூவும் மறைந்து, எங்கே வெளிச்சம், எங்கே இருட்டு என்பது மட்டும் நிற்கும். அப்புறம் ஒரு மட்டையில் தீப்பெட்டி அளவுக்கு ஓட்டை வெட்டி, அதைப் படத்தின் மேல் நகர்த்தித் துண்டு துண்டாகப் பாருங்கள். கேக் பெட்டி மட்டைதான் என் தெரிவு. கொப்பி மட்டை வளைந்துவிடும். இதற்கென்று விற்கும் சாமான் எதுவும் வாங்காதீர்கள், வீண்செலவு.

படி 3. பூதக்கண்ணாடியால் கன்னத்தைப் பாருங்கள். தோல் நிறம் என்று ஒன்று அங்கே இருக்காது. நீலம், மஞ்சள், இளஞ்சிவப்பு, கறுப்புப் புள்ளிகள்தான் இருக்கும். தள்ளி நின்றால் அவற்றைக் கலப்பது நம் கண்.

படி 4. இனிக் கதைக்க வேண்டும். எல்லோரும் சறுக்குவது இங்கேதான். ஒருவர் "சரஸ்வதி" என்பார், மற்றவர் "வடிவா இருக்கு" என்பார், கதை முடிந்துவிடும். பெயரையும் தீர்ப்பையும் தள்ளிவைத்துவிட்டு இப்படித் தொடங்குங்கள்: "உன் கண் முதலில் எங்கே போனது?" விரலால் தொட்டுக் காட்ட வேண்டும், சும்மா சொல்லக்கூடாது. நான் முகம் என்றேன். மச்சான் வீணையின் தண்டு என்றான். அது சாய்வாகப் படத்தைக் குறுக்கே வெட்டுவதால் கண்ணை இழுக்கிறதாம். மட்டையால் தண்டை மறைத்துப் பார்த்தோம்; படம் அப்படியே சோர்ந்துபோனது. அவன் சொன்னது சரிதான்.

அடுத்த கேள்வி: "வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது?" நிழலைத் தேடினால் விடை கிடைக்கும். சில கலண்டர்களில் கழுத்துக்குக் கீழே நிழல் விழும், சிலதில் நிழலே இராது. பழைய தஞ்சாவூர் ஓவியங்களில் தங்கத் தகடும் தட்டையான நிறமும்தான் பெரிது. வெளிச்சம் ஒரு பக்கமிருந்து விழும் கணக்கெல்லாம் அங்கே முக்கியமில்லை. கேரளத்து ஓவியர் ரவி வர்மா ஐரோப்பிய எண்ணெய் வர்ண முறையில் தேவிகளுக்குச் சதையும் நிழலும் கொடுத்தார். 1894இல் பம்பாயில் அச்சகமும் தொடங்கினார். படத்தைக் கல்லில் வரைந்து, நிறத்துக்கு ஒரு கல்லாக வைத்து அச்சிட்ட படங்கள் சாதாரண வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. பிறகு கோவில்பட்டி கொண்டையராஜு போன்றவர்கள் வரைந்தவை சிவகாசியில் அச்சாகி ஊரூராகப் பரவின. உங்கள் கலண்டர் தட்டையான தஞ்சாவூர்ப் பக்கம் சாய்கிறதா, நிழல் விழும் ரவி வர்மா பக்கம் சாய்கிறதா என்று வாதாடுங்கள். ஒரு மணித்தியாலம் ஓடிவிடும்.

வாதம் சூடானால் ஒரு விதி: படத்தில் தொட்டுக் காட்ட முடியாததைச் சொல்லக்கூடாது. "ஒரு ஆழம் இருக்கு" என்று சொல்பவரிடம் "எங்கே, காட்டு" என்று கேளுங்கள். பாதிப் பேர் சிரித்துவிடுவார்கள். மீதிப் பேர் உண்மையிலேயே தேடுவார்கள், அவர்களோடு கதைக்கலாம்.

பிற்சேர்க்கை: "சாமி படத்தில் குறை பிடிக்கிறாயா என்று அம்மா ஏசுகிறா" என்று ஒரு தங்கச்சி எழுதியிருந்தா. சாமித்தட்டில் உள்ள படத்தை விட்டுவிடுங்கள், விளக்கேற்றும் நேரத்தையும் விட்டுவிடுங்கள். கதைப்பது வரைந்தவரின் கையைப் பற்றித்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அம்மாவும் வந்து உட்காருவா. என் அம்மா சேலைக் கரையைப் பற்றிச் சொன்னதெல்லாம் எங்கள் கண்ணில் படவேயில்லை.

இன்னொன்று: கல்முனைப் பக்கத்து நானா ஒருவர், தங்கள் வீட்டில் உருவப் படமே மாட்டுவதில்லை, என்ன செய்வது என்று கேட்டார். பக்கத்திலேயே நெசவுக்குப் பேர்போன மருதமுனை இருக்கும்போது என்ன கவலை! கைத்தறிச் சாரம் ஒன்றை விரியுங்கள். சிவப்புப் பாவும் (நெடுக்கு நூல்) நீல ஊடையும் (குறுக்கு நூல்) கடக்கும் இடத்தில் தள்ளி நின்றால் ஊதா தெரியும், கிட்டப் போனால் இரண்டு நூலும் தனித்தனி. படி 3இல் பார்த்த புள்ளி விளையாட்டேதான். ஆனால் துணியைக் குழல்விளக்கின் கீழே பார்க்காதீர்கள், நிறம் செத்துவிடும்.

கோயில் கோபுரத்துச் சுதைச் சிற்பங்களுக்கும் இதே முறைதான். கிழக்கு முகக் கோபுரமென்றால் காலையில் போங்கள். பின்னேரம் வெளிச்சம் முதுகுப் பக்கம் நின்று முகங்களைக் கறுப்பாக்கிவிடும்.

கல்லடியில் விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவக மாணவர்கள் தங்கள் ஓவியங்களைக் காட்சிக்கு வைக்கும்போது மட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போங்கள். வரைந்த பிள்ளையிடம் "இதன் கருத்து என்ன?" என்று கேட்டால் மனப்பாடம் பண்ணிய பதில்தான் வரும். "கடைசியாகத் தீட்டிய இடம் எது?" என்று கேட்டுப் பாருங்கள்.