படகு இன்ஜின் போல்ட்: இறுக்கத்தில்தான் பலம்

சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில், இன்ஜினைப் படகோடு பிடித்திருக்கும் கால் போல்ட் முறிந்தால், உடனே ஒரு சைஸ் கூட்டிப் போடுவதுதான் வழக்கம். அதற்குமுன் முறிந்த முகத்தைத் துடைத்துப் பாருங்கள். மணலில் அலை விட்டுப்போன தடம்போல வளைகோடுகள் தெரிந்தால், அது ஒரே இழுப்பில் அறுந்த போல்ட் இல்லை. பெரும்பாலும் தளர்ந்து, ஆடி ஆடிச் சோர்ந்து முறிந்ததாகவே இருக்கும். தடித்த போல்ட்டும் தளர்ந்தால் அதே கதிதான்.

இறுகிய போல்ட் மிகச் சிறிதளவு நீண்டு, ஸ்பிரிங் மாதிரி இன்ஜின் காலையும் அதைத் தாங்கும் இரும்புச் சானலையும் சேர்த்து அழுத்துகிறது. அதிர்வைத் தாங்குவது அந்த அழுத்தத்தின் உராய்வு. அது போனால் அடி முழுவதும் போல்ட் உடம்பில் விழும்.

பாரிமுனையில் வாங்கும்போதே தலையில் 8.8 என்ற வலிமைத் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜின் கம்பெனி முறுக்கு அளவு கொடுத்திருந்தால் அதுவே முடிவு. இல்லையென்றால் 8.8 கிரேடு எம்12 (12 மி.மீ. தடிமன்) போல்ட்டுக்கு, உலர்ந்த மரையில், சுமார் 85 நியூட்டன் மீட்டர் முறுக்கு. எண்ணெய் தடவிய மரைக்கு 65 போதும். ஸ்பேனரில் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்கிறது. மற்றதை உராய்வு தின்றுவிடுகிறது. எண்ணெய் பட்டு உராய்வு குறைந்தால் இழுப்பு எகிறி, போல்ட் நீண்டு கெடும். உப்புக்காற்றில் துருவேறிய மரையிலோ, முறுக்கை அளக்கும் டார்க் ரெஞ்ச் அளவு வந்துவிட்டதாக 'டக்' என்று சொல்லிவிடும், பிடிப்பு வந்திருக்காது. அதனால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காமல் நட் ஏற்றவே கூடாது.

வாஷருக்கு அடியில் பெயின்ட் இருந்தால் சுரண்டி எடுங்கள். அது நசுங்கும்போது இறுக்கமும் போகும். நான்கு போல்ட்டையும் குறுக்காக மாற்றி மாற்றி 30, 60, 85 என்று மூன்று சுற்றில் ஏற்றுங்கள். நட்டுக்கு வெளியே இரண்டு மரையாவது தெரியவேண்டும்.

நட் இல்லாமல் துளையிலேயே டேப் போட்டு (மரை வெட்டி) ஏற்றுவதானால், எம்12க்கு இரும்பில் 12 மி.மீ., வார்ப்பிரும்பில் 18, அலுமினியத்தில் 24 மரை ஆழம் வேண்டும். முதல் மரையே சுமையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுமக்கிறது. உலோகம் மென்மையானால் அங்கிருந்துதான் மரை உரியும்.

ஸ்பிரிங் வாஷரை நம்பாதீர்கள். முழுதாக இறுக்கினால் அது தட்டையாகிவிடும், அதிர்வில் நட் கழல்வதைத் தடுக்காது. இரட்டை நட் போடுவதென்றால் மெல்லியது கீழே, தடித்தது மேலே. மெல்லியதைப் பாதி முறுக்கில் நிறுத்தி, ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, மேல் நட்டை முழு அளவில் இறுக்குங்கள். பலர் தலைகீழாகப் போடுகிறார்கள்.

கடைசியாக நட்டிலிருந்து சானல்வரை பெயின்டில் ஒரு கோடு இழுங்கள். முதல் முறை கடலுக்குப் போய்த் திரும்பியதும் கோடு விலகியிருக்கிறதா என்று பார்த்து, இன்ஜின் ஆறியபின் மறுபடி ரெஞ்ச் வையுங்கள்.