ரேட்டிங் செய்தியும் ரசிகர் சண்டையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘பார்வையாளர்களை இழந்து தள்ளாடும் தொடர்’ என்று ஒரு தலைப்பு. அதே தொடரைப் பற்றி அதே வாரத்தில் ‘இந்த ஆண்டின் பெரிய வெற்றி’ என்று இன்னொரு தலைப்பு. ரசிகர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து ஒருவரையொருவர் பொய்யர் என்று திட்டிக்கொள்ள இது போதும். வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலும் இரண்டு செய்திகளிலும் உள்ள எண்கள் சரியாகவே இருக்கும். ஒவ்வொன்றும் வேறு எதையோ அளந்திருக்கும், அவ்வளவுதான். எதை எண்ணினார்கள், எங்கே எண்ணினார்கள், எத்தனை நாளுக்கு எண்ணினார்கள் என்று கேட்காமல் வாதத்தில் இறங்குவதுதான் மற்ற தவறுகளுக்கெல்லாம் வேர்.

முதல் நாள் எண்ணே முடிவு என்று நினைப்பது

பார்வையாளர் எண்ணிக்கை ஒரே நாளில் முடிந்துபோகும் கணக்கு அல்ல. பிரிட்டனில் பார்ப், அமெரிக்காவில் நீல்சன் போன்ற அமைப்புகள் முதலில் ஒளிபரப்பான அன்றே பார்த்தவர்களின் கணக்கைத் தருகின்றன. பதிவு செய்து வைத்துப் பார்த்தவர்கள், பிறகு செயலியில் பார்த்தவர்கள் எல்லாம் ஏழு நாள் கணக்கில் சேருவார்கள். 28 நாள் கணக்கும் உண்டு.

இடைவெளி எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதற்கு ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ நல்ல உதாரணம். 2019 மே 19 அன்று அதன் கடைசி எபிசோட் அமெரிக்காவில் ஒளிபரப்பானபோது, அந்த நேரத்தில் நேராக சேனலில் பார்த்தவர்கள் 1.36 கோடி. அன்றிரவே நடந்த மறுஒளிபரப்பையும் செயலியில் பார்த்தவர்களையும் சேர்த்தால் 1.93 கோடி. அந்த சீசன் முழுவதற்கும் எல்லா வழிகளையும் கூட்டி சேனல் சொன்ன சராசரியோ, எபிசோடுக்கு 4.4 கோடி. இந்த மூன்றில் எது ‘உண்மையான’ எண் என்று கேட்டால் பதில் கிடையாது. மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள்.

பிறகு ஏன் பத்திரிகைகள் எப்போதும் சின்ன எண்ணையே பிடித்துக்கொள்கின்றன? ரசிகர்கள் இதற்குச் சதி என்று பெயர் வைக்கிறார்கள். காரணம் அவ்வளவு சுவாரசியமானது அல்ல. முதல் நாள் எண் மறுநாள் காலையே கைக்கு வந்துவிடும், எபிசோட் பற்றிய பேச்சும் அப்போதுதான் சூடாக இருக்கும். ஏழு நாள் எண் வரும்போது அடுத்த எபிசோடே ஓடி முடிந்திருக்கும். ஆகவே சரிவு தலைப்பாகிறது, அதை ஓரளவு ஈடுகட்டும் இறுதி எண் உள்பக்கத்துக்குக்கூட வருவதில்லை. இதில் பத்திரிகையின் சோம்பல் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாத் தொடர்களுக்கும் அதே சோம்பல்தான்.

இதற்கு நேர் எதிரான தவறையும் ரசிகர்கள் செய்கிறார்கள். தங்கள் தொடருக்கு 28 நாள் கணக்கை எடுத்துக்கொண்டு, போட்டித் தொடரின் முதல் நாள் கணக்கோடு ஒப்பிட்டு வெற்றி அறிவிப்பது. பத்திரிகை இதைச் செய்தால் கொந்தளிப்பவர்கள், தாங்கள் செய்யும்போது மட்டும் ஆராய்ச்சி என்பார்கள்.

ரேட்டிங், ஷேர், ரீச் எல்லாவற்றையும் ஒன்றாகக் குழப்புவது

நம் ஊர்ப் பேச்சில் எல்லாமே ‘டிஆர்பி’தான். வியாழக்கிழமை பட்டியல் வந்ததும் யார் முதலிடம் என்று பார்த்து முடித்துவிடுகிறோம். ஆனால் செய்தியில் சதவீதம் என்று ஏதாவது வந்தால், எதில் சதவீதம் என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் 1983 பிப்ரவரி 28 அன்று ஒளிபரப்பான ‘மேஷ்’ தொடரின் கடைசி எபிசோடுக்கு ரேட்டிங் 60.2, ஷேர் 77. தொலைக்காட்சி உள்ள மொத்த வீடுகளில் 60.2 சதவீதம் அதைப் பார்த்தன என்பது முதல் எண். அந்த நேரத்தில் பெட்டி ஓடிக்கொண்டிருந்த வீடுகளில் 77 சதவீதம் என்பது இரண்டாவது. ஷேர் எப்போதும் பெரிதாகத் தெரியும், அதனால் விளம்பர அறிக்கைகளுக்கு அதன் மீது தனிப் பாசம். ஊரே தூங்கும் நேரத்தில் ஒளிபரப்பாகும் நிகழ்ச்சிக்குக்கூட அபார ஷேர் கிடைக்கலாம்.

ரீச் இன்னும் வழுக்கலானது. ஒரு மணி நேர எபிசோடை ஒரு கோடிப் பேர் ஆளுக்கு ஆறு நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டு சேனலை மாற்றிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறிக்கையில் ‘ஒரு கோடிப் பேரைச் சென்றடைந்தது’ என்று எழுதலாம், அது பொய் இல்லை. ஆனால் நிமிடச் சராசரி, அதாவது எந்த ஒரு நிமிடத்திலும் சராசரியாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், வெறும் 10 லட்சம்தான். இந்தியாவில் தொலைக்காட்சி ரேட்டிங்கைத் தரும் பார்க் (BARC) அமைப்பு அளப்பது இந்த நிமிடச் சராசரியைத்தான். ஒரு சேனல் தன் அறிக்கையில் ரீச்சை மட்டும் சொல்லிச் சராசரியைச் சொல்லாமல் விட்டால், கொஞ்சம் சந்தேகப்படலாம். அதை அப்படியே அச்சிடும் செய்தியையும்தான்.

‘உலக சாதனை’யை அப்படியே பகிர்வது

2020 ஊரடங்கில் தூர்தர்ஷன் பழைய ‘ராமாயணம்’ தொடரை மறுஒளிபரப்பு செய்தது. ஏப்ரல் 16 அன்று 7.7 கோடிப் பேர் பார்த்ததாகவும், உலகிலேயே அதிகம் பேர் பார்த்த பொழுதுபோக்கு நிகழ்ச்சி அதுதான் என்றும் தூர்தர்ஷன் அறிவித்தது. பல ஊடகங்கள் அதை அப்படியே போட்டன. ரசிகர்கள் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ இறுதி எபிசோடின் எண்ணைப் பக்கத்தில் வைத்துக் கொண்டாடினார்கள். ஆனால் சற்று முன் சொன்ன ‘மேஷ்’ இறுதி எபிசோடை 1983-லேயே 10.59 கோடிப் பேர் பார்த்திருந்தார்கள். அது அமெரிக்காவில் மட்டும். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ எண்ணும் அமெரிக்கா ஒன்றை மட்டும் கணக்கிட்டதுதான். ஒரு நாட்டின் எண்ணை இன்னொரு நாட்டின் எண்ணோடு நிறுத்தி, மேலே ‘உலக’ என்று எழுதினால் அது உலக ஒப்பீடு ஆகிவிடாது. 7.7 கோடி என்பது தன்னளவில் பிரமாதமான எண். ஒரு பழைய தொடரின் மறுஒளிபரப்புக்கு அது போதும், அதன் மேல் கிரீடம் வேறு எதற்கு?

காலம் கடந்த ஒப்பீடுகளிலும் இதே கதைதான். பிரிட்டனின் பிபிசி சேனலில் வரும் ‘டாக்டர் ஹூ’ தொடரின் வரலாற்றில் மிக அதிகமான எண்ணிக்கை 1979 அக்டோபரில் பதிவானது: 1.61 கோடி. இன்றைய எபிசோடுகளின் எண்ணை அதனோடு ஒப்பிட்டு ‘வரலாறு காணாத வீழ்ச்சி’ என்று எழுதுவது மிகச் சுலபம். அந்த வாரங்களில் போட்டி சேனலான ஐடிவி வேலைநிறுத்தத்தால் முடங்கிக் கிடந்தது என்பதைச் சேர்த்தால் தலைப்பு அவ்வளவு கவர்ச்சியாக இருக்காது. அப்போது பிரிட்டனில் இருந்ததே மூன்று சேனல்கள், அதில் ஒன்று இருட்டில். இன்றைய நிலைமை எங்கேயோ போய்விட்டது. அமெரிக்காவில் 2025 மே மாதம் ஓடிடிகளின் மொத்தப் பங்கு, வழக்கமான சேனல்களும் கேபிளும் சேர்ந்த பங்கை முதன்முறையாகத் தாண்டியதாக நீல்சன் சொன்னது. ஒரு தொடர் சரிகிறதா என்று பார்க்க வேண்டுமானால், அதே சேனலில் அதே ஆண்டில் ஓடும் மற்றத் தொடர்களோடு ஒப்பிடுங்கள். கூடவே எல்லாம் சரிகின்றன என்றால் அது அந்தத் தொடரின் குற்றம் இல்லை.

ஓடிடி எண்களைத் தொலைக்காட்சி எண்களைப் போலப் படிப்பது

இதுதான் இப்போது அதிகக் குழப்பம் தரும் இடம், ஏனென்றால் அளவுகோலையே அந்தந்த நிறுவனம்தான் வைத்துக்கொள்கிறது. நெட்ஃபிளிக்ஸ் முன்பு, ஒரு படத்தையோ எபிசோடையோ 70 சதவீதம் பார்த்த கணக்குகளை எண்ணியது. 2020 தொடக்கத்தில் இரண்டு நிமிடம் பார்த்தாலே போதும் என்று மாற்றியது. புதிய முறையில் எண்கள் சராசரியாக 35 சதவீதம் கூடும் என்று அந்த நிறுவனமே முதலீட்டாளர்களுக்கு எழுதியது: பழைய முறையில் 3.3 கோடி வீடுகள் பார்த்ததாக இருந்த ஓர் ஆவணத் தொடர் புதிய முறையில் 4.5 கோடி ஆனது. யாரும் கூடுதலாகப் பார்க்கவில்லை, விதி மட்டும் மாறியது. 2021 நவம்பரில் பார்த்த மொத்த மணி நேரத்துக்கு மாறினார்கள். 2023 ஜூனில் அந்த மணி நேரத்தைத் தொடரின் மொத்த நீளத்தால் வகுத்து ‘வியூஸ்’ என்றார்கள்.

‘ஸ்குவிட் கேம்’ முதல் சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நான்கு வாரங்களில் 14.2 கோடி வீடுகள் என்றது இரண்டு நிமிடக் கணக்கு. அதே 28 நாட்களுக்கு மணி நேரக் கணக்கு 165 கோடி. சீசனின் நீளம் 8 மணி 19 நிமிடம், அதனால் வகுத்தால் சுமார் 19.8 கோடி வியூஸ். 165 கோடி என்ற எண்ணைப் பார்த்து ‘உலகில் ஐந்தில் ஒருவர் பார்த்திருக்கிறார்’ என்று யாராவது சொன்னால், அவர் மணி நேரத்தை மனிதராக எண்ணிவிட்டார் என்று அர்த்தம். ஒரே ஆள் இரண்டு முறை பார்த்தால் வியூஸும் இரண்டாகும் என்பதையும் மறக்கக் கூடாது. மணி நேரக் கணக்கில் நீளமான தொடருக்கு இயல்பாகவே சாதகம் உண்டு, ஆகவே பத்து எபிசோட் தொடரையும் ஆறு எபிசோட் தொடரையும் மணி நேரத்தில் மோதவிடுவது அழுகுணி ஆட்டம்.

சின்ன அசைவுக்குப் பெரிய அர்த்தம் தேடுவது

ரேட்டிங் என்பது மாதிரி வீடுகளை வைத்துச் செய்யும் மதிப்பீடு. 5,000 வீடுகள் கொண்ட ஒரு மாதிரியில் ஒரு தொடரின் ரேட்டிங் 2.0 என்றால், நூறு வீடுகள் அதைப் பார்த்தன என்று பொருள். அடுத்த வாரம் 90 வீடுகள் பார்த்தால் ரேட்டிங் 1.8. உடனே ‘பத்து சதவீத வீழ்ச்சி’ என்று செய்தி வரும், ரசிகர்கள் கதாநாயகியை மாற்றியதுதான் காரணம் என்று கண்டுபிடிப்பார்கள். பத்து வீடுகளில் அன்று யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கலாம், விருந்தாளி வந்திருக்கலாம். இந்த அளவு மாதிரியில் 0.4 புள்ளி வரை மேலும் கீழும் ஆடுவது வெறும் தற்செயலாகவே நடக்கும். நான்கைந்து வாரம் தொடர்ந்து ஒரே திசையில் போனால்தான் பேச விஷயம் இருக்கிறது.

பிடிக்காத வாரத்தில் மட்டும் ‘எல்லாம் மோசடி’ என்பது

‘என் வீட்டில் மீட்டர் இல்லை, எனக்குத் தெரிந்த யார் வீட்டிலும் இல்லை, அப்புறம் யாரைக் கேட்டார்கள்?’ மாதிரி வீடுகளில் என்ன ஓடுகிறது என்று பதிவு செய்யும் கருவிதான் மீட்டர்; இது பழைய வாதம். மாதிரி மொத்த மக்கள்தொகையில் எத்தனை பங்கு என்பது பெரிதல்ல, எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் முக்கியம்.

அதற்காக அமைப்புகள் தவறே செய்யாதவை என்று சொல்லவில்லை. 2020 அக்டோபரில் மாதிரி வீடுகளில் பணம் கொடுத்து ரேட்டிங்கை ஏற்றுவதாக மும்பை காவல்துறை புகார் சொன்னது, அதையடுத்து செய்தி சேனல்களுக்கான வாராந்திர ரேட்டிங்கை பார்க் நிறுத்தியது. 2022 மார்ச்சில்தான் மறுபடி வந்தது. அமெரிக்காவில் பெருந்தொற்றுக் காலத்தில் பார்வையாளர்களைக் குறைத்து எண்ணியதற்காக நீல்சனின் அங்கீகாரம் 2021-இல் நிறுத்தி வைக்கப்பட்டு 2023-இல்தான் திரும்பியது. ஆனால் மீட்டர் குறைத்து எண்ணினால் போட்டித் தொடரையும் சேர்த்தேதான் குறைக்கும். நம் தொடர் முதலிடம் வந்த வாரத்தில் நம்பகமான அமைப்பு, மூன்றாமிடம் போன வாரத்தில் ஏமாற்று அமைப்பு என்று இருக்க முடியாது.

யூடியூபில் ப்ரோமோவுக்கு வந்த பார்வைகளையும் ஹேஷ்டேக் ட்ரெண்டிங்கையும் மாற்றுச் சான்றாகக் காட்டுவதும் இங்கே அடங்கும். நாற்பது ரசிகர்கள் உட்கார்ந்து இரவு முழுக்கப் பதிவிட்டால் எண் ஏறும். அது ஆர்வத்தைக் காட்டும், வீடுகளை எண்ணாது.

எண்ணிலிருந்து நேராகத் தலையெழுத்துக்குத் தாவுவது

‘ரேட்டிங் குறைந்தது, தொடர் நிறுத்தப்படும்’ என்பது செய்தியல்ல, ஊகம். தயாரிப்புச் செலவு, வெளிநாட்டு விற்பனை, எந்த வயதினர் பார்க்கிறார்கள், விளம்பரதாரருக்கு அந்த வயதினர் வேண்டுமா என்பதையெல்லாம் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். ‘பிரேக்கிங் பேட்’ 2008-இல் தொடங்கியபோது முதல் எபிசோடைப் பார்த்தவர்கள் சுமார் 14 லட்சம். 2013-இல் கடைசி எபிசோடுக்கு 1.03 கோடி. முதல் வாரத்தில் இரங்கல் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நிருபரைத் துரத்துவது

கட்டுரையைப் படிக்காமல் தலைப்பை மட்டும் படம் பிடித்துப் பகிர்ந்து, எழுதியவரைப் பெயர் சொல்லித் திட்டுவது எல்லாத் தொடர் ரசிகர்களிடமும் இருக்கும் வியாதி. பல அலுவலகங்களில் தலைப்பை வைப்பது நிருபர் அல்ல, ஆசிரியர் மேசை. ‘சரிவு’ என்று தலைப்பு கத்தும் கட்டுரையின் நான்காவது பத்தியில் ‘இது முதல் நாள் கணக்கு மட்டுமே’ என்று அவரே எழுதியிருப்பார். செய்தி உண்மையிலேயே தவறு என்றால் ஆசிரியர் குழுவுக்கு எழுதுங்கள், திட்டாமல். எந்த வாக்கியம், அதில் உள்ள எண் எத்தனை நாள் கணக்கு, ஒப்பிட்ட பழைய எண் எத்தனை நாள் கணக்கு, இறுதி எண் எப்போது எந்த அமைப்பு வெளியிட்டது என்ற நான்கையும் கொடுத்துவிட்டால் அவர்கள் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். ‘எங்கள் தொடரை அழிக்கப் பணம் வாங்கினீர்களா’ என்று தொடங்கும் கடிதத்தை இரண்டாவது வரிக்கு மேல் யாரும் படிப்பதில்லை.