தாலுகா ஆபீஸில் படித்த அரபி

சவூதிக்கும் துபாய்க்கும் புதிதாக வந்து இறங்கும் நம்ம நெல்லைத் தம்பிமாருக்கு: அரபி ஒண்ணும் தெரியாதே என்று முழிக்க வேண்டாம். பட்டா மாற்ற பாளையங்கோட்டை தாலுகா ஆபீஸுக்கு நாலு தடவை நடந்தவனுக்கே கொஞ்சம் அரபி தெரியும். அசல், நகல், வசூல், பாக்கி, ஆஜர், ஷரத்து, வக்கீல் எல்லாம் அரபிதான். பாரசீகம் வழியாக நவாப் காலத்துச் சர்க்கார் கச்சேரிக்கு (அப்போது ஆபீஸுக்கு அதுதான் பேர்) வந்து, நம்ம வாயில் ஒட்டிக்கொண்டது.

ஆனால் தெரிந்த வார்த்தைதான் இங்கே காலை வாரும். தகராறு என்றால் நமக்கு அடிதடி. அரபியில் ‘தக்ரார்’ என்றால் ஒன்றையே திரும்பச் செய்வது, அவ்வளவுதான். ‘ஸுஆல்’ என்று ஒருவர் வந்தால் சவால் விடவில்லை, கேள்வி கேட்கிறார். ‘வக்கீல்’ உங்கள் சார்பில் நிற்கும் யாராகவும் இருக்கலாம்; கோர்ட்டில் வாதாடுபவர் ‘முஹாமி’. மதரஸா என்று போர்டு இருந்தால் அது சாதாரணப் பள்ளிக்கூடம்.

என் முதல் பெருநாளன்று சிரியாக்கார மேஸ்திரி ஒருவர் கிட்டே வந்து, “மாமூல், மாமூல்” என்றார். வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மாசம்கூட ஆகவில்லை, அதற்குள்ளேயா என்று பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அவர் நீட்டிய தட்டில், பேரீச்சம்பழ விழுதை உள்ளே வைத்துச் சுட்ட பிஸ்கட், மேலே மாவுச் சர்க்கரை. அதன் பேரே மாமூல். நம்ம அல்வா மாதிரி, ஒன்றோடு நிறுத்த முடியாது.

மேலப்பாளையத்திலோ கடையநல்லூரிலோ வளர்ந்தவர்களுக்கு இஸ்லாமிய மார்க்கச் சொற்கள் பாதி காதில் விழுந்திருக்கும். அதிலும் ஒரு வேடிக்கை: தொழுகை, நோன்பு, பள்ளிவாசல் எல்லாம் சுத்தத் தமிழ், தொழுகைக்கு அழைக்கும் பாங்கு பாரசீகம். இங்கே கேட்டால் யாருக்கும் புரியாது. ஸலாத், ஸவ்ம், மஸ்ஜித், அதான் என்று சொல்ல வேண்டும். அதான் முடிந்து, ஜமாஅத் (சேர்ந்து தொழ வந்தவர்கள்) எழுந்து நிற்குமுன் சொல்வது இகாமத். சவூதியில் உங்கள் குடியிருப்பு அட்டைக்கும் பேர் இகாமாதான். ரோட்டில் போலீஸ் கேட்பது அட்டையை.

யாருடைய குழந்தையையாவது புகழ்ந்தால் கூடவே “மாஷா அல்லாஹ்” என்று சொல்லிவிடுங்கள். ஊரில் கண்ணுபடக் கூடாது என்போமே, அதே இடத்தில் இங்கே இது. “இன்ஷா அல்லாஹ்” என்றால் இறைவன் நாடினால். லீவு கேட்ட இடத்தில் இந்தப் பதில் வந்தால், அதை நம்பி டிக்கெட் போட்டுவிடாதீர்கள். மறுநாள் இன்னொரு தடவை கேளுங்கள்.

கலாஸ் (முடிந்தது), மாஃபி (இல்லை), புக்ரா (நாளை), ஃபுலூஸ் (காசு) நாலும் ஒரே வாரத்தில் தானாக வந்துவிடும்.

எண்களில்தான் உஷார் வேண்டும். சைபர் என்று நாம் சொல்வதே அவர்களுடைய ‘ஸிஃப்ர்’ சுற்றிச் சுற்றி வந்ததுதான். ஆனால் அதை அவர்கள் எழுதுவது வெறும் புள்ளியாக. நமக்குச் சைபர் போலத் தெரியும் வட்டம் அவர்களுக்கு அஞ்சு. ஒரு கோடும் வட்டமும் போட்ட விலைச்சீட்டைப் பார்த்து நான் பத்து ரியாலை நீட்ட, கடைக்காரர் இன்னும் அஞ்சுக்காகக் கையை விரித்தபடியே நின்றார்.