மாடுலேட்டர் பயாஸைச் சரியான புள்ளியில் நிறுத்துவது எப்படி?

மின் சிக்னலை ஒளியில் ஏற்றும் லித்தியம் நியோபேட் மாக்-செண்டர் மாடுலேட்டரில் சிக்னல் சிதைந்தால் நான் முதலில் பார்ப்பது பயாஸ் வோல்டேஜைத்தான், அதாவது அது எந்தப் புள்ளியில் இயங்க வேண்டும் என்று வைக்கும் டிசி வோல்டேஜை. காலையில் சரியாக வைத்தது சூடேற ஏற நகர்ந்துவிடும். நன்றாகச் சூடான பிறகே கை வையுங்கள்.

பயாஸோடு 1030 ஹெர்ட்ஸில் மிகச் சிறிய டோன் ஒன்றைக் கலந்துவிடுங்கள். 1000 வேண்டாம், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் மடங்கு அங்கேயும் வந்து நிற்கும். வெளிவரும் ஒளியில் கொஞ்சத்தை டேப் கப்ளரில் பிரித்து ஃபோட்டோடயோடுக்குக் கொடுத்து, ஸ்பெக்ட்ரம் அனலைசரில் 2060 ஹெர்ட்ஸை, அதாவது டோனின் இரு மடங்கான இரண்டாம் ஹார்மோனிக்கைக் கவனியுங்கள். பயாஸை மெல்ல மெல்லத் திருப்பத் திருப்ப அந்த முனை குட்டையாகி இரைச்சலுக்குள் முங்கிவிடும். அதுதான் குவாட்ரேச்சர் புள்ளி, வெளிவரும் ஒளி உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் நடுவில் நிற்கும் இடம். இரண்டாம் ஹார்மோனிக் ஒழிந்தது. 1030 அப்போது உச்சத்தில் நிற்க வேண்டும், அதையும் பார்த்துவிடுங்கள்.

மூன்றாம் வரிசைச் சிதைவு இதற்கெல்லாம் மசியாது. மாடுலேட்டருக்குக் கொடுக்கும் ஆர்எஃப் சிக்னலின் அளவை 1 டெசிபெல் குறையுங்கள், அது சுமார் 3 டெசிபெல் இறங்கும்.