நலிந்த கரும்பு ஆலையில் மாற்றுத் தொழில்: சுற்றுச்சூழல் கணக்கைப் போடுவது எப்படி?

அலங்காநல்லூர் கூட்டுறவு சர்க்கரை ஆலையில் சில ஆண்டுகளாக அரவை இல்லை. ஆலைக் கரும்பு நின்ற வயல்கள் பலவற்றில் இன்று நெல், வாழை, தென்னை. சாலையை ஒட்டிய நிலமென்றால் மனைக் கற்கள். ஆலையைத் திறந்தாலும் சர்க்கரையை மட்டும் நம்பி நிற்க முடியாது, எத்தனாலோ இணைமின் நிலையமோ (சக்கையை எரித்து மின்சாரமும் எடுப்பது) பயோகேஸோ சேர வேண்டும் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. அப்படியொரு திட்டம் மண்ணையும் தண்ணீரையும் காற்றையும் என்ன செய்யும் என்பதை ஒரு விவசாயிகள் சங்கமோ கல்லூரிக் குழுவோ தானே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கணினியில் ஒரு விரிதாள், அடங்கல் (கிராமத்தின் பயிர்ப் பதிவேடு) நகல்கள், சில மண், நீர் மாதிரிகள் இருந்தால் போதும்.

எதோடு ஒப்பிடுகிறோம்?

கணக்கில் முதல் கோணல் இங்கேதான் விழுகிறது. திட்ட அறிக்கைகள் பெரும்பாலும் "முழு வீச்சில் ஓடும் பழைய ஆலை" ஒன்றை எடுத்து அதோடு புதிய திட்டத்தை ஒப்பிடும். ஓடாத ஆலையை ஓடுவதாக வைத்துக்கொண்டால் எந்தத் திட்டமும் அழகாகத்தான் தெரியும். ஒப்பிட வேண்டியது, திட்டம் வராவிட்டால் அடுத்த பத்து ஆண்டுகளில் அந்த நிலம் என்னவாகும் என்பதோடு.

அதற்கு கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அடங்கல்தான் ஆதாரம். குறைந்தது பத்து பசலிக்கு (வருவாய்த் துறையின் ஆண்டுக்கணக்கு), கிராமவாரியாகக் கரும்பு, நெல், வாழை, தென்னை, தரிசு, வேளாண்மை அல்லாத பயன்பாடு என்று பரப்பை எடுத்து எழுதுங்கள். பசலி ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும். 2025–26 என்பது பசலி 1435. ஆலையின் அரவைப் பருவக் கணக்கு வேறு மாதத்தில் தொடங்குவதால் இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்தால் ஓராண்டு நகர்ந்துவிடும். அடங்கலில் "கரும்பு" என்று மட்டும் இருந்தால் மேலூர்ப் பக்கத்துப் பொங்கல் செங்கரும்பும் அதில் கலந்திருக்கும். ஆலையின் கரும்புப் பதிவேட்டை வைத்து அதைக் கழித்துவிடுங்கள்.

எல்லை, அலகு

வயலுக்குத் தண்ணீர் இறைப்பதில் தொடங்கி, உரம், வெட்டு, வண்டி, ஆலை, கழிவு, மறுபடி வயலுக்குத் திரும்பும் சத்து வரை எல்லாம் கணக்குக்குள் வர வேண்டும். ஆலை வாசலோடு நிறுத்திய கணக்கு பாதிக் கணக்கு. அலகு இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு டன் கரும்புக்கு எவ்வளவு, ஓர் ஏக்கருக்கு ஓர் ஆண்டுக்கு எவ்வளவு. முதலாவது ஆலைத் திட்டங்களை ஒன்றோடொன்று ஒப்பிட. இரண்டாவது, கரும்பை விட்டு வேறு பயிருக்குப் போவதை ஒப்பிட.

இந்த இரண்டாவது அலகில் வழுக்குபவர்கள் அதிகம். கரும்புக்கு 2,000 மி.மீ., மக்காச்சோளத்துக்கு 500 மி.மீ., ஆகவே நான்கில் ஒரு பங்கு தண்ணீர் போதும் என்பார்கள். கரும்பு பன்னிரண்டு மாதம் நிற்கிறது, மக்காச்சோளம் நான்கு மாதத்துக்கும் குறைவு. மீதி மாதங்களில் அதே வயலில் என்ன நிற்கும் என்று கேட்க வேண்டும். நெல்லுக்கு 1,200, அதன்பின் உளுந்துக்கு 280 என்று சேர்த்தால் 1,500-ஐ நெருங்கிவிடும். வாழை என்றால் கரும்புக்குச் சமம்தான்.

வயல் கணக்கு

ஏக்கருக்கு 40 டன் விளைச்சல் என்று வைப்போம். ஓர் ஏக்கரில் ஒரு மி.மீ. தண்ணீர் என்பது 4,047 லிட்டர். 2,000 மி.மீ. என்றால் ஏறக்குறைய 81 லட்சம் லிட்டர். மழை தந்தது போக மீதியை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெரியாறு பாசனக் கால்வாயில் மடை திறந்து பாயும் தண்ணீருக்கு மின்சாரம் கிடையாது. கடைமடையில் 200 அடி ஆழத்திலிருந்து போர்வெல் இறைப்பவருக்கு நிலைமை வேறு. ஒரு கன மீட்டர் தண்ணீரை 60 மீட்டர் தூக்க, மோட்டாரும் பம்பும் சேர்ந்து 40 சதவீதத் திறனில் ஓடினால், சுமார் 0.41 யூனிட் ஆகும். ஆண்டுக்கு 40 லட்சம் லிட்டர் இறைத்தால் 1,640 யூனிட். மின்கட்டமைப்பில் யூனிட்டுக்கு 0.72 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று எடுத்தால் ஏக்கருக்கு 1,180 கிலோ, டன் கரும்புக்கு 29.5 கிலோ.

உரத்தைப் பாருங்கள். எக்டேருக்கு 275 கிலோ தழைச்சத்து என்று வைத்தால் ஏக்கருக்கு 111 கிலோ, அதாவது யூரியாவாக ஏறக்குறைய ஐந்தரை மூட்டை. அதில் ஒரு சதவீதம் நைட்ரஸ் ஆக்சைடாகப் போகிறது என்பது பன்னாட்டுக் காலநிலைக் குழுவின் பொதுக் கணக்கு. நைட்ரஜன் எடையை வாயு எடையாக மாற்ற 1.11-ஐ 44/28-ஆல் பெருக்கினால் 1.74 கிலோ வாயு. அந்த வாயு கார்பன் டை ஆக்சைடைவிட 273 மடங்கு சூடேற்றும் என்பதால் 273-ஆல் பெருக்கினால் சுமார் 475 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். டன்னுக்கு 12 கிலோ. யூரியா தயாரிப்பில் வெளியானதைத் தனியே சேருங்கள். கட்டைக் கரும்புக்கு (வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்ப்பது) தழைச்சத்து கூடுதலாக இடுவதால் நடவுப் பயிரையும் கட்டைப் பயிரையும் ஒரே வரியில் போடாதீர்கள்.

ஆக, கால்வாய்ப் பாசனக் கரும்பும் போர்வெல் கரும்பும் ஒரே பயிர் ஆகாது. "ஆலைப் பகுதி சராசரி" என்று ஓர் எண் கொடுக்கப்பட்டால் ஆயக்கட்டு (கால்வாய்ப் பாசன நிலம்) எவ்வளவு, போர்வெல் எவ்வளவு என்று பிரித்துத் தரச் சொல்லுங்கள். சோகையை (காய்ந்த கரும்பு இலை) கொளுத்துகிறார்களா, பொடியாக்கி மூடாக்காகப் போடுகிறார்களா என்பதையும் கிராமத்துக்குக் கிராமம் கேட்டு எழுதுங்கள். புகையும் கரிமமும் இரண்டும் அதில் அடங்கியிருக்கின்றன.

உள்ளூர் ஆலை நின்றதால் கரும்பு வேறு மாவட்டத்துக்கு லாரியில் போகிறதென்றால் அதையும் அடிப்படை நிலையில் சேர்க்க வேண்டும். 18 டன் ஏற்றி 200 கி.மீ. போய் வெறும் வண்டியாகத் திரும்பினால், லிட்டருக்கு 4 கி.மீ. கணக்கில் 100 லிட்டர் டீசல். லிட்டருக்கு 2.68 கிலோ வைத்தால் டன்னுக்கு 15 கிலோ வருகிறது, உரத்தின் நைட்ரஸ் ஆக்சைடைவிட அதிகம். வெட்டிய கரும்பு 24 மணி நேரத்தைத் தாண்டினால் எடையும் சர்க்கரைக் கட்டும் இறங்கும். அந்த இழப்பும் அதே வரியில் ஏறும்.

சக்கை சும்மா கிடக்கும் கழிவா?

ஒரு டன் கரும்பை அரைத்தால் ஏறத்தாழ 300 கிலோ ஈரச் சக்கை, 35 கிலோ பிரஸ்மட் (சாற்றை வடிகட்டியபின் மிஞ்சும் மண்டி), 45 கிலோ மொலாசஸ் (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகு), 95 கிலோ சர்க்கரை. இந்த நான்கையும் உங்கள் ஆலையின் முந்தைய பருவ அறிக்கைகளில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிழிதிறன் விழுந்த ஆண்டில் எல்லாமே மாறும்.

சக்கைத் தட்டு, அட்டை, காகிதம் என்று வரும் திட்டங்கள் 300 கிலோவும் வீணாகக் கிடப்பதுபோல் எழுதும். ஆலைக் கொதிகலனே அதில்தான் ஓடுகிறது. ஒரு கிலோ சக்கை சுமார் 2.2 கிலோ நீராவி தரும், ஆக 660 கிலோ. பழைய ஆலைக்கு டன் கரும்புக்கு 500 கிலோ நீராவி வேண்டும். மிச்சம் 160 கிலோ நீராவி, அதாவது 70 கிலோ சக்கை. வெளியே கொடுக்கக் கிடைப்பது அவ்வளவுதான். அதற்கு மேல் விற்றால் கொதிகலனுக்கு நிலக்கரியோ சீமைக்கருவேல விறகோ வரும். அந்தப் புகையைத் தட்டுத் திட்டத்தின் கணக்கில் ஏற்ற வேண்டும். இணைமின் திட்டத்துக்கும் ஒரு கேள்வி: அரவை இல்லாத மாதங்களில் எதை எரிப்பீர்கள்?

எத்தனாலும் அதன் கழிவும்

நாளுக்கு 2,500 டன், 100 நாள் அரவை என்றால் இரண்டரை லட்சம் டன் கரும்பு, 11,250 டன் மொலாசஸ். டன்னுக்கு 230 லிட்டர் வீதம் சுமார் 26 லட்சம் லிட்டர் எத்தனால். ஒரு லிட்டர் எத்தனாலுக்குப் பின்னால் பத்து லிட்டர் கழிவுச் சாறு நிற்கிறது என்றால் 2.6 கோடி லிட்டர். கருஞ்சிவப்பு நிறம், புளித்த வாடை, லிட்டருக்கு ஒரு லட்சம் மில்லிகிராம் அளவுக்கு சிஓடி (கழிவை வேதிமுறையில் சிதைக்கத் தேவையான ஆக்சிஜன்). ஒரு டேங்கர் கண்மாயில் இறங்கினாலே மீன் மிதக்கும். கழிவுநீரைச் சிறிதும் வெளியே விடக்கூடாது என்பது சாராய ஆலைகளுக்கான விதி. அதை எப்படிக் கடைப்பிடிப்பார்கள் என்பதைத்தான் துருவ வேண்டும்: ஆவியாக்கிக் கொதிகலனில் எரிப்பதா, பிரஸ்மட்டோடு கலந்து உரமாக்குவதா? உரமாக்கல் என்றால் ஒரு டன் பிரஸ்மட் இரண்டரை மூன்று டன் கழிவுச் சாறைத்தான் உறிஞ்சும். நம் கணக்கில் பிரஸ்மட் 8,750 டன். அது ஏற்பது 22,000 முதல் 26,000 டன் வரை. வருகிற கழிவோ ஏறக்குறைய 26,000 டன். இடைவெளியே இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் உரக்களம் நனைந்தால் வழிந்தோடும். களத்துக்குக் கூரை உண்டா, அடியில் தண்ணீர் இறங்காத தளம் உண்டா, தேக்கத் தொட்டி எத்தனை நாளுக்குப் போதும் என்று வரைபடத்தில் பாருங்கள். இதே பிரஸ்மட்டை பயோகேஸுக்கும் கணக்குக் காட்டியிருந்தால் ஒரே பொருளை இரண்டு இடத்தில் செலவழித்திருக்கிறார்கள்.

பயோகேஸில் கசிவுதான் முக்கியம். ஒரு கிலோ மீத்தேன் இயற்கை எரிவாயுவுக்குப் பதிலாக எரிந்தால் மிச்சமாவது 2.75 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அதுவே கசிந்தால் 27 கிலோவுக்குச் சமமான கேடு. உற்பத்தியில் ஒன்பது சதவீதம் கசிந்தாலே கிடைத்த நன்மை முழுதும் போச்சு. திறந்த கழிவுத் தொட்டியிலிருந்து வெளியேறுவதையும் கசிவாகவே எண்ணுங்கள்.

வயலில் கரும்பு விளைந்தபோது ஏறிய சுமையில் எத்தனாலுக்கு எவ்வளவு ஏற்றுவது என்பது இன்னொரு சிக்கல். எடைப்படி பிரித்தால் மொலாசஸ் 45, சர்க்கரை 95. மூன்றில் ஒரு பங்கு சுமை மொலாசஸுக்கு. சர்க்கரை கிலோ 38 ரூபாய், மொலாசஸ் 10 ரூபாய் என்று வைத்து மதிப்புப்படி பிரித்தால் 11 சதவீதம். கழிவு என்று சொல்லிவிட்டால் பூச்சியம். ஒரே எத்தனால், மூன்று விடை. ஐஎஸ்ஓ 14044 தரம், முறை முடிவை மாற்றுமானால் வேறு முறையிலும் போட்டுக் காட்டச் சொல்கிறது. ஒரே முறையில் மட்டும் வந்த அறிக்கையை அப்படியே ஏற்க வேண்டாம்.

மாதிரி எடுப்பது

திட்டம் தொடங்கும் முன்பே எடுத்தால்தான் பின்னால் பேச முடியும். ஆலையிலிருந்து தண்ணீர் ஓடும் திசையில் முதல் கண்மாய், அதன் மறுகால் போய்ச் சேரும் அடுத்த கண்மாய், இரண்டுக்கும் இடையே மூன்று நான்கு கிணறுகள், மேட்டுப் பக்கம் ஒப்பீட்டுக்கு ஒரு கிணறு. சித்திரை, வைகாசியில் ஒரு தடவை, வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஒரு தடவை. போர்வெல்லில் ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகே பாட்டிலைப் பிடியுங்கள். குழாயில் தங்கிய தண்ணீர் பொய் சொல்லும். பிஓடி (கிருமிகள் கழிவைச் சிதைக்க எடுக்கும் ஆக்சிஜன்) பார்க்க வேண்டிய மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கூடத்தில் சேருங்கள். நிறம், மின்கடத்துதிறன், பொட்டாசியம் மூன்றும் சேர்ந்து ஏறினால் கழிவுச் சாறு இறங்குகிறது என்று சந்தேகப்படலாம். மண்ணை 0–15, 15–30 செ.மீ. என இரண்டு அடுக்காக எடுங்கள். ஒத்தக்கடை வேளாண் கல்லூரியிலும் வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்திலும் விசாரிக்கலாம்.

சர்க்கரை ஆலைக்கு 2016-இல் வந்த விதிப்படி அரைக்கும் டன்னுக்கு 200 லிட்டருக்கு மேல் கழிவுநீர் போகக்கூடாது. நிலத்தில் விடுவதென்றால் பிஓடி லிட்டருக்கு 100 மி.கி., நீர்நிலையில் விடுவதென்றால் 30. புகைபோக்கித் தூசு கன மீட்டருக்கு 150 மி.கி.

கருத்துக் கேட்புக்குப் போகும்போது

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான 2006 அறிவிக்கையில் சர்க்கரை ஆலை 5(ஜே) பிரிவு. நாளுக்கு 5,000 டன் முதல்தான் முன் அனுமதி. ஆக 2,500 டன் ஆலை அதில் வராது, பக்கத்தில் கட்டும் சாராய ஆலை 5(ஜி)-யில் வரும். எந்த வகையில் சேர்த்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே கருத்துக் கேட்புக் கூட்டம் உண்டா என்பது தெரியும். உண்டென்றால் வரைவு அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும், அறிவிப்புக்கும் கூட்டத்துக்கும் இடையே குறைந்தது 30 நாள் இருக்க வேண்டும். அந்த நாட்களில் உங்கள் விரிதாளையும் அவர்கள் எண்களையும் வரிக்கு வரி வைத்துப் பாருங்கள். கூட்டத்தில் நீளமாகப் பேசுவதைவிட நான்கு கேள்வியை எழுத்தில் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்வது பயன் தரும்: ஒப்பீட்டுக்கு எந்தப் பசலி, மிச்சச் சக்கை எத்தனை டன், பிரஸ்மட் எத்தனை இடத்தில் எண்ணப்பட்டிருக்கிறது, மழைக்காலத்தில் கழிவுச் சாறு எத்தனை நாள் தாங்கும்.