இழுபட்ட நங்கூரம்

காற்று மறைவான சிறு குடா. ஆழமானி 4 மீட்டர் காட்ட, ஆழத்துக்கு ஐந்து மடங்கு என்ற கணக்கில் 20 மீட்டர் நங்கூரச் சங்கிலி விட்டுத் தூங்கப் போனேன். நள்ளிரவில் கரகரவென்று ஒரு சத்தம். கரை விளக்கு இடம் மாறியிருந்தது. மாறியது விளக்கல்ல, என் பாய்மரப் படகு!

தவறு கணக்கில்தான். படகின் முன்முனை நீர்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர். இடையில் ஓதத்தால் கடல்மட்டம் 2 மீட்டர் ஏறிவிட்டது. இரண்டையும் சேர்க்கவில்லை. 7 மீட்டருக்கு 35 மீட்டர் வேண்டும். நங்கூரத்தைத் தூக்கினால் முனையில் கொத்தாகக் கடற்புல்! அறுத்தெறிந்துவிட்டு, சற்றுத் தள்ளி, வரைபடத்தில் மணல் என்று குறித்திருந்த இடத்தில் மறுபடி இறக்கினேன். 35 மீட்டரும் விட்டபின் எஞ்சினை மெல்லப் பின்னோக்கி ஓட்டி, சங்கிலியில் கைவைத்துப் பார்த்தேன். அதிர்வில்லை; நங்கூரம் இழுபடவில்லை. நிலவொளியில் ஒரு பாறையையும் பின்னாலிருந்த மரத்தையும் நேர்கோடாகக் குறித்துக்கொண்டேன். விடியும்வரை அவை விலகவில்லை.